லிங்கதுரை அண்ணாச்சியின் வலது கை

அந்த அம்மாள் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது கையில் கரண்டி இருந்தது. குழம்பைத் தாளித்த கையோடு வந்திருக்க வேண்டும். கடுகும் கறிவேப்பிலையும் பொரிந்த வாசனை அவளோடு சேர்ந்து வாசலுக்கு வந்தது.

வாசலில் நின்றது தசரா செட்டு. முன்னால் பெரிய கிரீடமும் சிவப்பு நாக்குமாக ஒரு காளி. அடுத்து ஒரு போலீஸ், ஒரு குரங்கு. கடைசியில் ஒரு பிச்சைக்காரர். குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் புரட்டாசி மாதம் இப்படி ஆளுக்கொரு வேஷம் போட்டு, கொட்டுடன் வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கி, கோயில் உண்டியலில் சேர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். லட்சாதிபதியும் இந்த மாதத்தில் கையேந்துவார். அதில் வெட்கம் கிடையாது.

அம்மாள் காளியைக் கும்பிட்டாள். போலீஸைப் பார்த்துச் சிரித்தாள். பிச்சைக்காரரிடம் வந்ததும் கண்ணை எடுக்கவில்லை.

முகம் முழுக்கக் கரி. உடம்பில் கிழிந்த சாக்கு. கழுத்திலிருந்து கயிற்றில் தொங்கும் மண்சட்டி. இடது கையில் கம்பு. வலது கை முழங்கையில் மடங்கி, விரல்கள் சுருண்டு நெஞ்சோடு ஒட்டியிருந்தது. வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது.

"யாத்தே! இந்த ஆளைப் பாருங்களேன்! கைய எப்படி மடக்கி வச்சிருக்காரு! நெசமாவே கை விழுந்தவங்ககூட இப்படி நிக்க மாட்டாங்க. என்னமா நடிக்காரு!"

கொட்டடிப்பவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். குடையும் தண்ணீர் பாட்டிலுமாகப் பின்னால் வந்துகொண்டிருந்த நான் முன்னால் எட்டிப் பார்த்தேன்.

கரி பூசிய முகத்தில் பற்கள் வெள்ளையாகத் தெரிந்தன.

"வருசம் பூராப் பழகுதேன் தாயி" என்றார் லிங்கதுரை அண்ணாச்சி.

எல்.கே.ஜி. டீச்சர்

இந்தத் தொடரில் சென்ற வாரம் வந்த பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார். "உங்கள் வேலை என்னவென்று இத்தனை வாரமாகப் படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் பிசியோதானே?"

இல்லை அம்மா. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

நான் படித்தது ஆக்குபேஷனல் தெரபி. தமிழில் செயல்முறை மருத்துவம் என்கிறார்கள். சுருக்கமாக ஓ.டி. என்று சொல்லித் தொலைத்தால், "ஆபரேஷன் தியேட்டர்லயா இருக்கீய?" என்பார்கள். தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த அறையைப் பார்த்தவர்களுக்கு வேறு சந்தேகம் வரும். அங்கே மரக்குச்சிகள், பெரிய பெரிய மணிகள், பித்தான் தைத்த பலகை, விதவிதமான தாழ்ப்பாள்கள், கலர் டப்பாக்கள் இருக்கும். ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்.கே.ஜி.க்கு அட்மிஷன் இங்கனதானா?" என்று கேட்டதுண்டு. அன்றிலிருந்து நான் எல்லாருக்கும் டீச்சர்.

என் வேலையைச் சொல்கிறேன். காலை நடக்க வைக்க பிசியோ இருக்கிறார். நடந்து எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்பவள் நான். இப்படிச் சொன்னால் என் பிசியோ நண்பர் கோபித்துக்கொள்வார், அவரும் அதைக் கேட்பவர்தான். ஆனால் எனக்கு அந்தக் கேள்விதான் முழு நேர வேலை.

ஒரு மனிதருக்கு எதைச் செய்தால் தான் தானாக இருக்கிறோம் என்று தோன்றுகிறதோ, அதைக் கண்டுபிடித்து, மறுபடியும் அவரே செய்யும்படி வழி பண்ணுவது. அந்த வழி சில சமயம் உடம்பை மாற்றுவது. சில சமயம் கரண்டியின் கைப்பிடியை மாற்றுவது. பல சமயம் வீட்டில் உள்ளவர்களை மாற்றுவது. கடைசியில் சொன்னதுதான் கஷ்டம்.

துரும்பைக்கூட எடுக்க விடாத வீடு

லிங்கதுரை அண்ணாச்சிக்கு ஏரல் பக்கம் பூர்வீகம். தூத்துக்குடியில் அண்ணன் தம்பி இரண்டு பேருமாகச் சேர்ந்து இரும்புக்கடை வைத்திருந்தார்கள். ஆணி, கொண்டி, கம்பி, பெயின்ட், துறைமுகத்துக்குப் போகும் சங்கிலிகூடக் கிடைக்கும். ஒரு நாள் கடையிலேயே பெயின்ட் டப்பாவை எடுக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். பேச்சு தப்பித்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன.

என்னிடம் வந்தபோது சக்கர நாற்காலியில் சலவை வேட்டியும் விபூதியுமாகப் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். மனைவி ஜெயக்கனி பக்கத்தில் நின்று, அவர் உதட்டோரத்தைத் துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். உதட்டில் ஒன்றுமே இல்லை.

"காலைல என்ன சாப்பிட்டீய அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இட்லிதான் டீச்சர். நாந்தான் ஊட்டி விடுதேன்" என்றாள் ஜெயக்கனி.

"ராத்திரி தூக்கம் வருதா?"

"நல்லாத் தூங்குதாவ."

"கை வலிக்கா?"

"வலி இல்லன்னுதான் சொல்லுதாவ. பல்லு தேய்க்கது, குளிப்பாட்டுதது, சட்டை போட்டு விடுதது, எல்லாம் நாந்தான். ஒரு துரும்ப எடுக்க விடுததில்ல."

பெருமையோடு சொன்னாள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். அந்தக் குடும்பத்தில் எல்லாரும் அவர் மேல் உயிரை வைத்திருந்தார்கள். அதுதான் எனக்குக் கோபம். வெறுப்பவர்கள் வீட்டில் கை விழுந்தவர் எப்படியாவது தட்டுத் தடுமாறித் தண்ணீராவது மொண்டு குடிப்பார். அன்பானவர்கள் வீட்டில் நாக்கு மட்டும்தான் அவருடையது. அதையும் ஜெயக்கனி வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு டீ வேணுமே, எதுத்த கடைல நல்லா இருக்கும்" என்று அவளை அனுப்பினேன். டீ எனக்கு ஆகாது. வாரத்தில் பாதி நாள் இப்படித்தான் யாரையாவது டீக்கு அனுப்பி, வாங்கி வந்ததைக் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றுவேன். செடி தழைத்துத்தான் இருந்தது.

அவள் போனதும் நாற்காலியை அவர் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அண்ணாச்சி, இப்ப நீங்க சொல்லுங்க. உங்களால எது முடியணும்?"

இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"குலசைக்குப் போணும்."

"கார்ல போயிட்டு வந்துரலாமே."

"கார்ல போறதுக்கு உங்ககிட்ட ஏன் வாரேன்? வேஷம் போடணும்."

வருஷா வருஷம் அவர் காளி வேஷம் போடுபவராம். அந்தக் கிரீடத்தை இனிமேல் தூக்க முடியாது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது வேறு நேர்ச்சை செய்திருக்கிறார். எழுந்து நின்றால் பிச்சைக்காரன் வேஷம் போட்டு, சொந்தக் காலால் நடந்து, வீடு வீடாகக் கையேந்துவதாக.

"வீட்டுல சொன்னீயளா?"

"சொன்னா, எனக்குப் பதிலா மவன் போடட்டும்பாவ. என் சோத்த ஊட்டி விடுத மாதிரி என் நேர்ச்சையையும் ஊட்டி விட்டுருவாவ டீச்சர்."

சொல்லிவிட்டு அழுதார். நான் துண்டை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இடது கையால் அவரே துடைத்துக்கொண்டார்.

அப்பாவின் திருமண்

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் தாமிரபரணிக் கரையில் ஒரு வைணவக் குடும்பத்தில் பிறந்தவள். நவதிருப்பதியில் எந்தக் கோயிலில் எந்த நேரம் என்ன பிரசாதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். குலசை எனக்குப் பேருந்தின் பெயர்ப்பலகையில் பார்த்த ஊர். தசரா வேஷக்காரர்கள் எங்கள் தெருவுக்கு வந்தால் அம்மா காசைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஆகவே எனக்கு இது எப்படிப் புரிந்தது என்று கேட்டால், அப்பாவால்தான்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஒரு மழைக்காலத்தில் படித்துறையில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு. சாப்பாட்டை அம்மா பிசைந்து கொடுத்தால் ஸ்பூனால் சாப்பிடுவார், வேட்டியை நான் கட்டி விட்டால் சும்மா நிற்பார். ஆனால் நெற்றியில் திருமண் இட்டுக்கொள்ள மட்டும் யாரையும் விடவில்லை. இடது கையால், கண்ணாடி முன்னால், நாக்கைத் துருத்திக்கொண்டு, அரை மணி நேரம் போராடுவார்.

"கோணிண்டுன்னா இருக்கு! நாலு பேர் சிரிக்கப் போறா" என்பாள் அம்மா.

"பெருமாளுக்கு நான் யாருன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு அதே கோணலோடு கோயிலுக்குப் போவார்.

அம்மா சொன்னபடியே நாலு பேர் சிரிக்கத்தான் செய்தார்கள். பிற்பாடு கல்லூரியில் தடித் தடியாகப் புத்தகங்கள் வைத்து எங்களுக்கு நடத்தினார்கள். ஒருவருக்கு எது முக்கியம் என்பதை அவரைத்தான் கேட்க வேண்டும், நம் பட்டியலைக் கொண்டுபோய் அவர் மேல் ஒட்டக்கூடாது என்று. மற்ற பிள்ளைகள் நோட்ஸ் எடுத்தார்கள். நான் அப்பாவின் நெற்றியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சட்டி

எங்கள் வேலையில் எதையும் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்ப்போம். சட்டை போடுவதா, காய் நறுக்குவதா, பஸ் ஏறுவதா, எதுவானாலும். பிச்சை எடுப்பதை அதுவரை நான் பிரித்துப் பார்த்ததில்லை.

அண்ணாச்சிதான் சொல்லிக் கொடுத்தார். வெறுங்காலோடு நடக்க வேண்டும். வாசல்படிக்குக் கீழே நிற்க வேண்டும். குரல் கொடுக்க வேண்டும். சட்டியை நீட்ட வேண்டும். காசு விழும்போது சட்டி ஆடக்கூடாது. போடுபவர்களுக்கு அம்மன் திருநீறு கொடுக்க வேண்டும்.

"சட்டியை இடது கைல பிடிச்சுக்கிடலாமா?" என்று கேட்டேன். அந்தக் கை நன்றாக இருந்ததே.

என்னை அவர் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை.

"எடது கையால காணிக்க வாங்கிட்டு அம்மன் மொகத்துல எப்படி முழிப்பேன் டீச்சர்?"

வலது கையோ மடங்கியது மடங்கியபடி இருந்தது. எனக்கு இரண்டு மூன்று நாள் அதே யோசனை. ஒரு சாயங்காலம் என் அறைக்கு வந்த ஒருவர், பெரியவர் ஒருவரிடம் பேப்பரை வாங்கும்போது, நாமெல்லாரும் மரியாதைக்குச் செய்வது போல, நீட்டிய வலது கைக்கு அடியில் இடது கையை முட்டுக் கொடுத்தார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். இதற்கு மேல் என்ன வேண்டும்? வலது கைதான் வாங்குகிறது, இடது கை தாங்குகிறது. பார்ப்பவர்களுக்கு அது பணிவு. அண்ணாச்சிக்கு அதுவே பயிற்சி.

மணிக்கட்டு தொங்காமலிருக்க ஒரு பட்டை செய்து மாட்டினேன். சட்டிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டோம், பாரம் கைக்கு முழுசாக வராது. நடக்கும்போது இடது கையில் கம்பு. வாசலில் நின்றதும் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் வலது கையைச் சட்டிக்கு அடியில் கொண்டுபோக வேண்டும். சொல்ல எளிது. முதல் மாதம் கம்பு விழும், கம்பைப் பார்த்தால் சட்டி சாயும், சட்டியைப் பார்த்தால் ஆளே சாய்வார்.

காசுக்குப் பதில் புளியங்கொட்டை. போட ஆள் வேண்டுமே, ஜெயக்கனியைக் கூப்பிட்டேன். அதற்குள் நேர்ச்சை விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. கை நிறையப் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"கட்டுன புருசனுக்கு என் கையாலயே பிச்ச போடச் சொல்லுதீயளே டீச்சர்" என்று விசும்பினாள்.

"பிச்சை இல்லளா, அம்மனுக்குக் காணிக்கை. போடு" என்றார் அவர்.

ஒன்று போட்டாள். டங்கென்று சத்தம் வந்தது. சட்டி ஆடவில்லை. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதைப் பார்த்து இவளுக்கும் வந்தது. அடுத்த வாரமே அவளுடைய அதிகாரம் தாங்க முடியவில்லை. "சட்டிய நேராப் பிடிங்க! தூங்கி வழியுதீயளே! இப்படி நின்னா எவ போடுவா?" என்று விரட்டுவாள். ஊட்டி விடுவது எப்போது நின்றதென்று எங்கள் யாருக்கும் நினைவில்லை. அவளுக்கு விரட்டவே நேரம் சரியாக இருந்தது.

திருநீறு மட்டும் கைகூடவில்லை. அடுத்தவர் நெற்றி வரை அந்தக் கை போகாது. நெஞ்சு உயரத்தில் நின்றுவிடும். செட்டில் குரங்கு வேஷம் போடும் சுயம்பு, ஆட்டோ ஓட்டுபவர், "அத நான் பூசி விடுதேன் அண்ணாச்சி, நீங்க வாங்க மட்டும் செய்யுங்க" என்றார். அப்படியே முடிவாயிற்று.

அண்ணன் கேட்ட உதவி

திருவிழாவுக்குக் காப்புக் கட்டப் போகும் சமயத்தில், அண்ணன் பொன்பாண்டி அண்ணாச்சி என்னைப் பார்க்க வந்தார். ஆறடி உயரம், வெள்ளைச் சட்டை. குனிந்து பேசிப் பழக்கமில்லாத ஆள் என்பது நிற்பதிலேயே தெரியும். கையில் ஒரு தார் நாட்டுப்பழம். அதை மேசை மேல் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும் டீச்சர். வேஷம் போட்டா ஒடம்புக்கு ஆகாது, மறுபடியும் வாதம் வந்துரும்னு சொல்லுங்க. நீங்க சொன்னா அவன் கேப்பான்."

"ஆகாதுன்னு நான் நினைக்கலயே அண்ணாச்சி. டாக்டரும் பாத்துட்டாரு. வெயிலு ஏறதுக்கு முன்ன கொஞ்ச தூரம், நடுவில உக்காந்து உக்காந்து போனா முடியும்."

"முடியும்னு எனக்கும் தெரியும். அதான் பயமா இருக்கு."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கை கால் நல்லா இருக்கவன் வேஷம் போட்டுக் கேட்டா அது காணிக்க. நெசமாவே கை விழுந்தவன் சட்டி ஏந்திக் கேட்டா அது பிச்ச. ஊரு அப்படித்தான் பாக்கும். அய்யோ பாவம்னு சொல்லிக்கிட்டுக் காசு போடுவான். எங்கூடப் பொறந்தவன ஒருத்தன் அப்படிப் பாக்கத நான் பாக்கணுமா?"

அவர் கண் கலங்கியிருந்தது. மானத்துக்காகப் பேசுகிறார் என்று நினைத்துக் கொஞ்சம் எரிச்சலோடு உட்கார்ந்திருந்த நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஊர் அப்படிப் பார்க்கக்கூடியதுதான்.

ஆனால் அவர் கேட்டது பொய். சின்னப் பொய்தான், பாசத்தால் கேட்கிற பொய். ஆஸ்பத்திரிகளில் தினமும் சொல்லப்படுவது. அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் அந்த மனிதரிடம் 'உங்களால் எது முடியணும்' என்று கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

"உங்க பயம் எனக்குப் புரியுது அண்ணாச்சி. ஆனா அத நீங்களே அவியகிட்டச் சொல்லுங்க. அவிய ஒடம்பு மேல பழியப் போட்டு என்னால சொல்ல முடியாது."

பொன்பாண்டி அண்ணாச்சி எழுந்துகொண்டார்.

"ஊருல எங்கன வேணா போகட்டும். கடை வாசலுக்கு மட்டும் வந்துரக் கூடாது. சொல்லிருங்க."

அதை லிங்கதுரை அண்ணாச்சியிடம் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. வருஷா வருஷம் செட்டு கடைசியாகப் போய் நிற்பது அந்தக் கடை வாசலில்தான். அண்ணன் கையால் காணிக்கை வாங்கி, அவர் கொடுக்கும் பானகத்தைக் குடித்துவிட்டுத்தான் அன்றைய வேஷத்தைக் கலைப்பார்கள்.

"அண்ணன் போடாட்டா அது நிறைவேறுன நேர்ச்சையே இல்ல டீச்சர்" என்றார். "போவேன். போடுதாவளோ, வெரட்டுதாவளோ, அது அவிய இஷ்டம்."

மறுபடியும் தெருவில்

இப்போது அந்தக் கரண்டிக்கார அம்மாளிடம் திரும்பி வரலாம்.

அவள் உள்ளே போய்க் காசு கொண்டுவந்து சட்டியில் போட்டாள். குரங்கு வேஷத்துச் சுயம்பு அவள் நெற்றியில் திருநீறு பூசினார். "இந்த வருசம் நடிப்புக்குப் பரிசு குடுத்தா ஒமக்குத்தான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் எதுவோ தீய்கிற வாசனைக்கு ஓடிவிட்டாள்.

தெரு திரும்பியதும் லிங்கதுரை அண்ணாச்சி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்து கரியில் கோடு போட, வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். சுயம்புவும் சிரித்தார், காளியும் நாக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை.

"டீச்சர், நடிக்கேனாம்!" என்றார். "ஆஸ்பத்திரிய விட்டு வந்ததுலருந்து என்னயப் பாக்கவன் எல்லாம் கையத்தான பாத்தான். இவதான் மொத மொத வேஷத்தப் பாத்திருக்கா."

நிலக்கரித் தூசியும் உப்புக் காற்றும் சேர்ந்து அடிக்கும் அந்தத் தெருவில், என் வேலைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தேவைப்படவில்லை. மற்ற வீடுகளிலும் அதே கதைதான். ஒருத்தர்கூட அய்யோ பாவம் சொல்லவில்லை. தசரா மாதத்தில் சட்டி ஏந்தி நிற்பவரிடம் எங்கள் ஊர் தேடுவது அம்மனைத்தான்.

ஆனால் கடை இன்னும் பாக்கி இருந்தது.

கடை வாசல்

கடைக்குள் வியாபாரம் மும்முரம். பொன்பாண்டி அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கொட்டுச் சத்தம் கேட்டும் தலையைத் தூக்கவில்லை. வாசலில் பானகக் குடத்தைக் காணவில்லை.

முன்னாலேயே வந்து காத்திருந்த ஜெயக்கனி என் பக்கத்தில் வந்து நின்றாள். செட்டு ஒதுங்கி வழி விட்டது. லிங்கதுரை அண்ணாச்சி மட்டும் காலைத் தேய்த்துத் தேய்த்துப் படிக்குக் கீழே வந்து நின்றார். கம்பைக் கக்கத்தில் இடுக்கினார். சட்டிக்கு அடியில் வலது கை போயிற்று, அதற்கு அடியில் இடது கை. சொல்லிக் கொடுத்ததில் ஒன்றும் பிசகவில்லை.

"முத்தாரம்மனுக்குக் காணிக்க போடுங்க அண்ணாச்சி."

கல்லாவில் அண்ணன் ஒரு தாளைப் புரட்டினார். சங்கிலி எடைபோட்டுக்கொண்டிருந்த ஆள்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

ஆணி வாங்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "யாரு அண்ணாச்சி இது? வேஷம் அசலா இருக்கே!"

பொன்பாண்டி அண்ணாச்சி தலையைத் தூக்கினார். வெளியூர்க்காரரின் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். அதில் இரக்கத்தைத் தேடியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த மனிதரோ செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

"எந் தம்பி" என்றார் பொன்பாண்டி அண்ணாச்சி. குரல் சரியாக வரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி மறுபடியும் சொன்னார். "எந் தம்பி. வருசா வருசம் காளி போடுவான். இந்த வருசம் இது."

எழுந்தார். செருப்பை விட்டுவிட்டுப் படியிறங்கி வந்தார். கையில் என்ன எடுத்து வந்தார் என்று நான் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் சட்டியில் போட்டார்.

சுயம்பு திருநீற்றோடு முன்னால் வந்தார். லிங்கதுரை அண்ணாச்சி தலையை ஆட்டி அவரை நிறுத்தினார். வலது கையைச் சட்டியிலிருந்து எடுத்து, சுயம்பு நீட்டிய தட்டில் வைத்தார். சுருண்ட விரல்களில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. பிறகு அந்தக் கையைத் தூக்கினார்.

நெஞ்சு உயரம் வரை வந்து, கை நின்றுவிட்டது. இடது கை கீழேயிருந்து முட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் போகவில்லை. ஓடிப்போய் முழங்கையைத் தாங்கலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். ஜெயக்கனி என் புடவையைப் பிடித்து இழுத்துவிட்டாள். ஊட்டி விட்டவள் அவள். இழுத்தவளும் அவளே.

கை அதே உயரத்தில் நின்றது.

பொன்பாண்டி அண்ணாச்சி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு குனிந்தார். அவ்வளவு பெரிய ஆள், தன் கடை வாசலில், ஊர் பார்க்க, முதுகு மடங்கித் தம்பியின் நெஞ்சு உயரத்துக்கு நெற்றியைக் கொண்டுவந்து அந்த விரல்களில் வைத்தார்.

பூசியாயிற்று. அவர் நிமிரவில்லை. இரண்டு கையாலும் தம்பியின் வலது கையைப் பிடித்து நெற்றியோடு வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கொட்டடிக்கிறவர்கள் அடிக்கவில்லை. தம்பி விழுந்த நாளிலிருந்து அந்தக் கையை அவர் ஒரு தடவைகூடத் தொட்டதில்லையாம், அந்தப் பக்கம் உட்காரவே மாட்டாராம். ஜெயக்கனி பிற்பாடு சொன்னாள்.

"ஏலே" என்றார் கடைசியில், குனிந்தபடியே. "கை சூடா இருக்குலே."

"பின்ன?" என்றார் லிங்கதுரை அண்ணாச்சி. "எங் கைல்லா அண்ணே."